மருந்து விழுந்த மண்ணில் மறுபடி கால் வைப்பது எப்போது?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று எந்த ஊரில் கேட்டாலும், மருந்தடித்த தோட்டத்துக்குள் எப்போது இறங்கலாம் என்ற கேள்விக்கு "வாடை போனதும் இறங்கலாம்" என்ற பதிலே கிடைக்கும். அந்தப் பதிலை நம்பித்தான் நானும் பல ஆண்டுகள் பயிர் செய்தேன். ஆனால் மூக்கைத் துளைக்கும் அந்த வாடையில் ஒரு பங்கு, மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பானின் வாடை. கரைப்பான் பறந்துபோன பிறகும் நஞ்சு இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொடைக்கானலில் ஆலைக் கழிவாக மண்ணில் சேர்ந்த பாதரசத்துக்கோ வாடையே கிடையாது. ஆகவே மூக்கையும் கண்ணையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். நிலத்தில் விழுந்தது என்ன? அது இப்போது எங்கே, எவ்வளவு இருக்கிறது? உள்ளே போகிறவர் யார், என்ன வேலைக்காகப் போகிறார்? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நிலம் பொதுவாகப் "பாதுகாப்பானது" என்று யாரும் சான்று தர முடியாது. இன்ன ஆள் இன்ன வேலைக்கு இறங்கலாம் என்று மட்டுமே சொல்ல முடியும்.

விழுந்தது எது என்று முதலில் தெரிய வேண்டும்

காலிப் புட்டி, கடை ரசீது, மருந்துக் கொட்டகையின் இருப்பு நோட்டு, தெளித்தவரின் வாய்மொழி ஆகிய நான்கையும் கொண்டு வேதிப்பொருளின் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். வணிகப் பெயர் போதாது. சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரும் அதன் விழுக்காடும் வேண்டும். பெயர் தெரிந்துவிட்டால், அது கடிகாரம் பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய பொருளா, ஆய்வகம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டிய பொருளா என்று பிரிக்கலாம். இலையில் தெளித்துச் சில நாட்களில் சிதையும் மருந்துகள் முதல் வகை. கொட்டிப்போன மருந்து, குறுணையாக மண்ணுக்குள் போட்டது, டி.டி.டி. போல ஆண்டுக்கணக்கில் நிற்பது, பாதரசம், ஈயம் போன்ற உலோகம் எல்லாம் இரண்டாம் வகை. உலோகம் சிதைவதே இல்லை. அது இடம் மாறும், வடிவம் மாறும், ஆனால் காத்திருந்தால் தீர்ந்துவிடாது. பெயரே தெரியவில்லை என்றால் இரண்டாம் வகையாகவே கொள்ளுங்கள்.

தெளித்த தோட்டத்துக்குள் இறங்குவது

பூச்சிமருந்துச் சீட்டில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வரை வாய்வழியே போனால் சோதனை விலங்குகளில் பாதி இறக்கும் மருந்துக்குச் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. இதே எல்லைகளை ஒட்டிய வகைப்பாட்டை வைத்து அமெரிக்காவில் தொழிலாளர் மறுபடி தோட்டத்தில் இறங்குவதற்கான பொதுவான காலம் வகுக்கப்பட்டிருக்கிறது: மிகக் கடுமையானவற்றுக்கு 48 மணி நேரம், அடுத்ததற்கு 24, மற்றவற்றுக்கு 12. சீட்டிலோ துண்டறிக்கையிலோ மறுநுழைவுக்கென்று ஒரு காலம் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் சிவப்புக்கு 48, மஞ்சளுக்கு 24, நீலத்துக்கும் பச்சைக்கும் 12 என்பதை அடிமட்ட அளவாகக் கொள்ளலாம். நம்முடைய சீட்டுகளில் நாள் கணக்கில் போட்டிருக்கும் "காத்திருப்புக் காலம்" கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள். அது காய் உண்பவருக்கான கணக்கு, பறிப்பவருக்கான கணக்கு அல்ல. இரண்டையும் பார்த்து, எது நீளமோ அது முடியும் வரை பறிப்பைத் தள்ளிப் போடுங்கள்.

இந்த அடிமட்ட அளவோடு மலையின் குளிரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மருந்து சிதைவதற்கு வெப்பமும் வெயிலும் தேவை; பத்து டிகிரி குறைந்தால் சிதைவின் வேகம் ஏறத்தாழ பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். போதாக்குறைக்கு மேல்மலை மண் புளிப்பு மண். கார்போஃபியூரான் போன்ற மருந்துகள் கார மண்ணில் விரைவாகவும் புளிப்பு மண்ணில் மெதுவாகவும் உடைகின்றன. சமவெளியில் மூன்று நாளில் போய்விட்டது என்று ஒட்டன்சத்திரத்துக்காரர் சொல்வது அவர் தோட்டத்துக்கு உண்மையாக இருக்கலாம். ஐப்பசி மூட்டத்தில் நிற்கும் நம் பீன்ஸ் கொடிக்கு அது பொருந்தாது. பகல் முழுவதும் மேகம் மூடிக்கிடந்த நாளை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இது எந்த நூலிலும் உள்ள விதி அல்ல, என் வழக்கம். ஆனால் இதனால் இழந்தது ஓரிரு நாள் வேலை மட்டுமே.

பனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கார்த்திகையில் பீன்ஸ் கொடிக்கு மாலையில், நரம்பைத் தாக்கும் அங்ககப் பாஸ்பரஸ் வகை மருந்து ஒன்றை அடித்தோம். மறுநாள் விடிகாலையில் சின்னம்மா காய் பறிக்க இறங்கினார். முந்தின மாலையே இலை உலர்ந்துவிட்டது, இறங்கலாம் என்று சொன்னவன் நான்தான். இலை உலர்ந்தது உண்மைதான். ஆனால் இரவில் இறங்கிய பனி, ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு சொட்டாகத் திரண்டு, காய்ந்து படிந்திருந்த மருந்தை மறுபடி கரைத்து வைத்திருந்தது. அவருடைய சேலை முழங்கால் வரையிலும் ரவிக்கைக் கை முழுவதும் நனைந்து, அந்த ஈரம் மூன்று மணி நேரம் தோலோடு ஒட்டியிருந்தது. பத்து மணிக்குக் கண் மங்குகிறது என்றார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, குளிர்ந்த காற்றிலும் வியர்த்தது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மருத்துவமனையில் அட்ரோபின் என்ற முறிமருந்தைப் போட்ட பிறகே தேறினார். மருந்துப் புட்டியை நாங்கள் கையோடு கொண்டுபோனதால், எந்த நஞ்சு என்று மருத்துவர் உடனே அறிந்துகொண்டார். அதை மட்டுமாவது அன்று சரியாகச் செய்தோம்.

ஆகவே மணிக்கணக்கு முடிந்தாலும் அன்றைய பனி உலரும் வரை இறங்கக் கூடாது. வேலையின் தன்மையையும் பாருங்கள். தண்ணீர்க் குழாயை மாற்றிவிட்டு வரப்போடு நடந்து திரும்புகிறவருக்கும், கொடிக்குள் கைவிட்டுக் காய் பறிக்கிறவருக்கும் படும் அளவு ஒன்றல்ல. பறித்தல், களை எடுத்தல், கொடி கட்டுதல் போல இலை உடலில் உரசும் வேலைகளை எப்போதும் கடைசியாக வையுங்கள். கருவுற்றவர்களையும் பாலூட்டும் தாய்மாரையும் சிறுவர்களையும் அந்த வாரம் மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய நிலத்தின் அந்த அடுக்குக்கே அனுப்பாதீர்கள். தெளித்த அடுக்கின் நுழைவில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டி, மருந்தின் பெயர், தெளித்து முடித்த நாள், மணி, இறங்கலாம் என்ற நாள் ஆகியவற்றை அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். மேலடுக்கில் தெளித்தால் கீழடுக்கும் தெளித்ததாகவே கணக்கு. சாரல் காற்று வரப்பில் நிற்பதில்லை.

கொட்டிய இடமும் பழைய கொட்டகையும்

தெளிப்பில் ஓர் ஏக்கருக்குப் பரவும் மருந்து, புட்டி உடைந்தால் ஒரு சதுர மீட்டரில் இறங்கிவிடும். இங்கே மணிக்கணக்குக்கு வேலையில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது, ஏனென்றால் நம் மலையில் எந்தத் தண்ணீரும் ஓர் ஓடையில்தான் போய்ச் சேரும். உலர்ந்த மண்ணையோ மரத்தூளையோ போட்டு உறிஞ்சவிட்டு, நனைந்த மண்ணை ஒரு சாண் கூடுதல் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, மூடியுள்ள பீப்பாயில் அடைத்து, பெயரெழுதி வைத்துவிட்டு, வேளாண்மைத் துறைக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தெரிவியுங்கள். பல ஆண்டுகள் மருந்து வைத்து, கலக்கி, தெளிப்பான் கழுவிய கொட்டகையின் வாசலும் கொட்டிய இடமே. அந்த இடத்தில் புதினாப் பாத்தி போட்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழுவுநீர் தேங்கி மண் எப்போதும் ஈரமாக இருப்பதால் புதினா செழிப்பாகவே வரும். தயவு செய்து அதைப் பறித்துச் சமைக்காதீர்கள்.

உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழுவுக்காகக் குறுணை மருந்து போட்ட நிலமும் இந்த வகையில்தான் சேரும். மேலே இலை சுத்தமாக இருக்கும். மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுக்கும் கைக்குத்தான் மருந்து படும். கார்போஃபியூரான் பாதியாகக் குறையவே மண்ணைப் பொறுத்து 30 நாள் முதல் ஏறத்தாழ நான்கு மாதம் வரை ஆகலாம், நம் மண்ணில் நீண்ட கணக்கையே எதிர்பார்க்க வேண்டும்.

பாதரசம்: கொடைக்கானலின் பாடம்

கொடைக்கானல் நகரில் 1983 முதல் 2001 வரை பாதரச வெப்பமானி செய்யும் ஆலை இயங்கியது. 2001 மார்ச்சில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஆலை மூடப்பட்டது. பாதரசம் கலந்த கழிவு ஏறத்தாழ 290 டன் 2003 இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் ஆலை நிறுவனம் 2016 மார்ச்சில்தான் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை நிலமோ பாம்பார் சோலையின் விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் நீர் கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்குப் போகிறது. ஆலையை மூடுவதற்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது, மண்ணில் எவ்வளவு பாதரசம் மிஞ்சலாம் என்று தீர்மானிக்கும் வாதம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது.

பாதரசம் விழுந்த இடத்தில் மண்ணை மட்டும் அளந்தால் போதாது, காற்றையும் அளக்க வேண்டும். இரவில் தரையோடு ஒட்டி ஒரு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால், பலகை இடுக்கிலும் மண் கட்டியின் அடியிலும் கடுகைவிடச் சிறிய வெள்ளி மணிகள் மின்னும். ஒன்றும் மின்னவில்லை என்றால் பாதரசம் இல்லை என்று பொருளல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவே ஓர் அறையின் காற்றைக் கெடுக்கப் போதும். 20 டிகிரியில் மூடிய இடத்தில் பாதரச ஆவி முழுமையாகச் செறிந்தால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் இருக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் காற்றுக்கு வைத்த ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவோ கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். இரண்டுக்கும் இடையே பதின்மூன்றாயிரம் மடங்கு. பாதரசம் சிந்திய வீடுகளுக்கு அமெரிக்க நலத்துறையினர் வழங்கும் அறிவுரையிலும் மறுபடி குடியேற 1 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 10 ஐத் தாண்டினால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்றே இருக்கிறது.

அளக்கும் நேரம் முக்கியம். 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஏறினாலே ஆவி இரண்டு மடங்குக்கு மேல் கூடும். மார்கழிக் காலையில், கதவு ஜன்னலைத் திறந்துபோட்டு எடுத்த அளவைக் காட்டி யாராவது "குறைவுதான்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சித்திரையின் நண்பகலில், கட்டடத்தைச் சில மணி நேரம் மூடிவைத்து, நிற்பவரின் மூக்கு உயரத்திலும் தவழும் குழந்தையின் மூக்கு உயரத்திலுமாக அளக்கச் சொல்லுங்கள்.

மண் மாதிரியை எப்படி எடுப்பது

மண்வள அட்டை இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அட்டையில் இருப்பவை அமிலநிலை, உப்பு, அங்ககக் கரிமம், பேரூட்டம், நுண்ணூட்டம் என்று பன்னிரண்டு அளவுகள். அவற்றில் நஞ்சு ஒன்றும் இல்லை. எந்த வேதிப்பொருளைத் தேடுகிறோம் என்று பெயர் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் ஆய்வகம் தேடும். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிமருந்து எச்சத்துக்கென ஆய்வகம் இருக்கிறது. தனியார் ஆய்வகம் என்றால், நீங்கள் கேட்கும் அந்தச் சோதனைக்கே தேசிய அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுக்கு நிலத்தில் மண் நகரும். மேலடுக்கில் கொட்டியது, நான்கு மழைக்குப் பிறகு கீழடுக்கின் உட்புற மூலையில், கல்கட்டின் காலடியில் வண்டலாகப் படிந்திருக்கும். ஆகவே கட்டம் போட்டு ஒரே இடைவெளியில் எடுப்பதோடு, நீர் வடியும் வழி, வண்டல் தங்கும் குழி, ஓடையின் கரை ஆகியவற்றிலும் தனி மாதிரி எடுங்கள். உழும் நிலத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை. குழந்தைகள் புழங்கும் முற்றத்தில் மேல்மண் 2 முதல் 5 சென்டிமீட்டர் மட்டும், ஏனென்றால் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போவது அந்த மண்தான். மருந்தும் பாதரசமும் நெகிழிப்பையில் ஒட்டியும் கசிந்தும் போகும் என்பதால், சுத்தமான கண்ணாடிக் குடுவையில் விளிம்பு வரை நிரப்பி, குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்புங்கள். வெயிலில் உலர்த்திவிட்டு அனுப்பும் பழைய வழக்கம் இங்கே கூடாது. பாதரசம் உலர்த்தும்போதே பறந்துவிடும்.

பல இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் செலவு குறையும், உண்மையும் குறையும். ஐந்து இடங்களில் நான்கில் கிலோவுக்கு 1 மில்லிகிராமும் ஒன்றில் 50 மில்லிகிராமும் இருந்தால், கலந்த மண் 10.8 என்று காட்டும். 20 வரை அனுமதி என்றால் நிலம் "தேறிவிட்டது". அந்த ஐந்தாவது இடத்தில்தான் வீட்டுக் குழந்தைகள் பம்பரம் விடுகிறார்கள் என்றால் அந்தத் தேர்ச்சிக்கு என்ன பொருள்? சந்தேகம் கூடிய இடங்களைக் கலக்காதீர்கள். மாசு படாத மேற்புறக் காட்டோரத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் வேதிக்கழிவுக் குழியின் மேல் எழுந்த லவ் கானல் குடியிருப்பில் மக்கள் திரும்பலாமா என்று 1988 இல் முடிவெடுத்தபோது, கையாண்ட வழியும் இதுதான்: அதே வட்டாரத்தின் மற்றக் குடியிருப்புகளோடு ஒப்பிட்டு, சில பகுதிகளில் வசிக்கலாம், சிலவற்றில் கூடாது என்று பகுதி பகுதியாகச் சொன்னார்கள்.

எண்ணை வைத்து முடிவெடுப்பது

ஆய்வக அறிக்கை வந்ததும் "அனுமதி அளவுக்குள்" என்ற வரியை மட்டும் படித்துவிட்டு மடிக்காதீர்கள். யாருக்கான அனுமதி அளவு என்று கேளுங்கள். கனடாவில் மண்ணிலுள்ள பாதரசத்துக்கு வேளாண் நிலத்துக்கும் குடியிருப்புக்கும் கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், வணிக இடத்துக்கு 24, தொழிற்சாலை நிலத்துக்கு 50 என்று வழிகாட்டு அளவு வகுத்திருக்கிறார்கள். உலோகம் ஒன்றே, நாடும் ஒன்றே. ஆள் புழங்கும் விதம் மாறும்போது எண் மாறுகிறது. கொடைக்கானல் ஆலை நிலத்துக்கு 20 என்று அதிகாரிகள் வைத்தபோது, சோலையும் நீரோட்டமும் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு அது போதாது என்று முன்னாள் தொழிலாளர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தது இதனால்தான். அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

எண் திருப்தியாக இருந்தாலும் எல்லா வேலைக்கும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். முதலில் பெரியவர்கள் காலணியோடு நடந்து பார்க்கலாம், பிறகு மண்ணில் கைபடும் வேலை, பிறகு பயிர். பயிரிலும் கேரட், பீட்ரூட், பூண்டு, முள்ளங்கி போல மண்ணோடு வருபவையும் கீரையும் கடைசி. முதலில் போட்ட பயிரை விற்காமல் சோதனைக்கு அனுப்புங்கள். மாடு மேய விடுவது அதற்கும் பிறகு, ஏனென்றால் புல்லோடு மண்ணையும் தின்னும் மாட்டின் பாலில் கொழுப்பில் கரையும் மருந்துகள் சேரும். குழந்தைகள் விளையாட விடுவதும் ஊற்றுநீரைக் குடிப்பதும் எல்லாவற்றுக்கும் பிறகுதான். அவற்றுக்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்து, நீரையும் கீழடுக்கு வண்டலையும் மறுபடி அளந்திருக்க வேண்டும். சில இடங்களுக்குத் திரும்பவே முடியாது என்ற விடையும் வரலாம். இத்தாலியின் செவேசோவில் 1976 இல் வேதி ஆலை விபத்தால் டையாக்சின் என்ற கடும் நஞ்சு படிந்த பகுதியிலிருந்து எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் அடுத்த ஆண்டே வீடு திரும்பினார்கள், மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியில் வீடுகளை இடித்து மேல்மண்ணை அகற்றி மரம் வளர்த்தார்கள்.

முதன்முதல் இறங்கும் நாளில் நுழைவில் ஓர் எல்லை வகுத்து, உள்ளே போட்ட செருப்பையும் உடையையும் அந்த எல்லையிலேயே கழற்றி, தனி வாளியில் துவையுங்கள். வீட்டுத் துணியோடு சேர்க்க வேண்டாம். வெப்பமானி ஆலைகளில் வேலை செய்தவர்களின் உடையோடு பாதரசம் வீடு வரை போய், குழந்தைகளின் சிறுநீரிலும் கண்டறியப்பட்டது அமெரிக்காவில் பதிவான செய்தி. முன்பே அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கு உடல் சோதனையும் தேவை: பாதரச ஆவிக்குச் சிறுநீர்ச் சோதனை, அங்ககப் பாஸ்பரஸ் மருந்துக்கு, அந்த நஞ்சு முடக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இரத்தத்தில் எவ்வளவு என்ற சோதனை. பின்னதைத் தெளிப்புப் பருவம் தொடங்குமுன் ஒருமுறை எடுத்து வைத்திருந்தால்தான் பிறகு குறைந்ததா என்று ஒப்பிட முடியும்.

மாசு உங்கள் வேலிக்கு வெளியிலிருந்து வந்தது என்றால் தனியாகப் போராட வேண்டியதில்லை. மாசுபட்ட இடங்களைக் கையாள மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகள் வெளியிட்டிருக்கிறது. அவற்றின்படி மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், மாநில வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மனுவில் புல எண், வேதிப்பொருளின் பெயர், மாதிரி எடுத்த புள்ளிகளைக் குறித்த கைவரைபடம், ஆய்வக அறிக்கையின் நகல் ஆகியவற்றை இணைத்து, பதிவஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கைவரைபடத்தின் இன்னொரு நகலை நிலப்பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளை அந்த நிலத்தை வாங்குகிறவரோ குத்தகைக்கு எடுக்கிறவரோ எந்த மூலையில் கிணறு வெட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.